உயிருள்ள நச்சுநிரலை யாரிடம் கொடுப்பது?

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறைக்குச் சில நாள்களுக்கு முன்பு, நம் தமிழ்மொழிக் கழகத்தின் செயலவையில் இருக்கும் தம்பி ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவர். ஒரு நிரல் கணினியில் நடந்துகொள்ளும் விதத்தைக் கொண்டே அது நச்சுநிரலா இல்லையா என்று கண்டறிவதுதான் அவருடைய ஆய்வுத் திட்டம்.

"அக்கா, சோதித்துப் பார்க்க உண்மையான வைரஸ் வேண்டும். இணையத்தில் ஒரு காப்பகம் இருக்கிறது. 200 மாதிரிகளை ஒரே கட்டாக இறக்கிக்கொள்ளலாம். விடுதியில் என் மடிக்கணினியிலேயே வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார்.

"நாளைக்குச் சொல்கிறேன், தம்பி" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். கணினித் துறையில் இவ்வளவு காலம் இருந்தும் உடனே பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தையும், மறுநாள் நான் சொன்ன பதிலையும் கழக நண்பர்கள் அனைவரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

'உயிருள்ள' என்றால் என்ன?

நச்சுநிரல் என்பதும் ஒரு கணினி நிரல்தான். அதை இயக்கினால் இன்றும் தன் வேலையைச் செய்யும் என்றால் அதை உயிருள்ள நச்சுநிரல் என்கிறோம். ஆனால், ஆய்வாளர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்வது இது ஒன்றை மட்டுமன்று. நான்கு வகைகள் உண்டு.

முதலாவது, கைரேகை. ஒரு கோப்பைக் கணக்கிட்டுப் பெறும் நீண்ட குறியீடு இது. இன்று பரவலாகப் பயன்படும் எஸ்எச்ஏ-256 முறையில் அது 64 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். கைரேகையால் எந்தக் கணினிக்கும் தீங்கு வராது. ஆனால், 'இந்தக் கோப்பு உங்கள் கணினியில் இருக்கிறதா?' என்று உலகில் யாரும் சரிபார்த்துக்கொள்ள அது உதவும்.

இரண்டாவது, ஆய்வறிக்கை. நச்சுநிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது, எந்த முகவரியோடு பேசுகிறது, எப்படிப் பரவுகிறது என்பதை விவரிப்பது.

மூன்றாவது, மாதிரி. இதுதான் உயிருள்ள நச்சுநிரல். இயக்கினால் ஓடும், ஆனால், அதை வேறொன்றாக மாற்றியமைப்பது எளிதன்று.

நான்காவது, மூலநிரல். எழுதியவர் எழுதியபடியே இருக்கும் வரிகள். படிக்கத் தெரிந்தவர் ஒரு பெயரை மாற்றலாம், ஒரு முகவரியை மாற்றலாம், புதிய நச்சுநிரலாகவே வெளியிடலாம்.

'நச்சுநிரலைப் பகிரலாமா?' என்று பொதுப்படையாகக் கேட்டால் வாதம் முடிவுறாது. இந்த நான்கில் எதை, யாரிடம், எந்த நிலையில் கொடுப்பது என்று கேட்கும்போதுதான் பதில் தெளிவாகிறது.

பிறையில் ஒரு விரலி

இனி, நான் தயங்கிய காரணத்துக்கு வருகிறேன்.

2009ஆம் ஆண்டில் பிறைத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தேன். உற்பத்திப் பிரிவின் சோதனைக் கருவிகள் பலவற்றை விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளே இயக்கி வந்தன. 'ஓடுகிற கணினியில் கை வைக்காதே' என்பது அங்கே எழுதப்படாத விதி. அதனால், மைக்ரோசாப்ட் 2008 அக்டோபரில் வெளியிட்ட முக்கியமான பாதுகாப்புத் திருத்தத்தை அந்தக் கணினிகளில் யாரும் நிறுவவில்லை.

அந்தத் திருத்தம் அடைத்த ஓட்டை வழியாகவே 2008 நவம்பரில் கான்ஃபிக்கர் என்ற புழுநிரல் உலகெங்கும் பரவியது. அதன் அடுத்த வடிவம் வலையமைப்போடு நிற்காமல், பென்டிரைவ் என்று நாம் அழைக்கும் விரலியின் வழியாகவும் தாவியது. விரலியைச் செருகியதும் 'கோப்புறையைத் திற' என்பது போன்ற ஒரு தேர்வைப் பழக்கமான மஞ்சள் கோப்புறைப் படத்தோடு காட்டும். சொடுக்கினால் திறப்பது கோப்புறையாக இருக்காது. புழு உள்ளே நுழைந்துவிடும். நுழைந்த பின், நச்சுநிரல் தடுப்பு நிறுவனங்களின் இணையத்தளங்களைத் திறக்கவிடாமல் தடுக்கும். எங்கள் கணினிகளில் அந்தத் தளங்கள் மட்டும் திறக்காததைப் பார்த்துத்தான் நாங்களும் விழித்துக்கொண்டோம்.

பாதிக்கப்பட்ட விரலி ஒன்று என் கைக்கு வந்தது. தடுப்பு மென்பொருள் விற்ற நிறுவனத்தார், "மாதிரி இருந்தால் அனுப்புங்கள், பார்க்கிறோம்" என்றார்கள். மறுநாள் அனுப்பலாம் என்று அந்த விரலியை என் மேசை இழுப்பறையில் போட்டேன். பெயர் ஒட்டவில்லை, இழுப்பறையைப் பூட்டவுமில்லை.

அன்று இரவுப் பணியில் இருந்த சக ஊழியர் ஓர் அறிக்கையைப் படியெடுக்க விரலி தேடியிருக்கிறார். என் இழுப்பறையில் ஒன்று கிடைத்தது. காலையில் நான் வந்தபோது, முந்தைய நாள் நாங்கள் துப்புரவு செய்து முடித்த கணினிகள் மீண்டும் பாதிக்கப்பட்டிருந்தன. இரண்டு நாள் உற்பத்தி நின்றது. எச்சரிக்கைக் கடிதம் அந்த ஊழியருக்குப் போனது.

அந்தக் கடிதம் என் பெயருக்கு வந்திருக்க வேண்டியது. அது என்னுடைய விரலி என்று மேலாளரிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. சொன்னபின் கடிதம் மாறியது. ஆனால், அந்த ஒரு வாரம் அவர் உணவகத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதை நான் இன்றும் மறக்கவில்லை.

ஆய்வுக்காகத்தான் வைத்திருந்தேன். என் நோக்கத்தில் குறை இல்லை. ஆனால், நான் நல்லவளா கெட்டவளா என்று நச்சுநிரல் பார்ப்பதில்லை. தம்பி விடுதி அறை என்று சொன்னதும் என் நினைவுக்கு வந்தது அந்த இழுப்பறைதான். விடுதியில் மடிக்கணினியும் விரலியும் நாளொன்றுக்கு எத்தனை கை மாறும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

பூட்டி வைத்தால்?

அப்படியானால், எல்லா மாதிரிகளையும் பூட்டி வைத்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் சரியன்று என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது.

2019 அக்டோபர் இறுதியில், திருநெல்வேலி மாவட்டத்தின் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நச்சுநிரல் புகுந்துவிட்டதாகச் செய்தி பரவியது. அக்டோபர் 29 அன்று நிலையத்தின் சார்பில் வந்த அறிக்கை அதை மறுத்தது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு வெளி வலையமைப்போடு இணைக்கப்படாதது, அதைத் தாக்க முடியாது என்று கூறியது. மறுநாளே, அதாவது அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் தன் கணினியில் நச்சுநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழு செப்டம்பர் 4 அன்றே தகவல் கொடுத்ததாகவும், பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பிலிருந்த ஒரு கணினி என்றும், அணு உலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் தெரிவித்தது.

ஒரே நாளில் மறுப்பு எப்படி ஒப்புதலாக மாறியது? அதற்கு முன்பே அந்த நச்சுநிரலின் மாதிரி ஒன்று வைரஸ்டோட்டல் என்ற பொதுக் காப்பகத்தில் ஏற்றப்பட்டிருந்தது. 2004இல் தொடங்கி, 2012இல் கூகுளின் கைக்கு வந்த அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் ஐயத்துக்குரிய கோப்பை ஏற்றலாம். பல தடுப்பு மென்பொருள்கள் அதைச் சோதித்துச் சொல்லும். அந்த மாதிரியைப் பார்த்த ஆய்வாளர்கள் அது டிட்ராக் என்ற உளவு நிரலின் வகை என்று அடையாளம் கண்டார்கள். டிட்ராக்கைப் பற்றி காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பரில்தான் எழுதியிருந்தது. இந்திய வங்கிகளின் பணம் வழங்கும் இயந்திரங்களைக் குறிவைத்த ஒரு நிரலின் உறவுகளைத் தேடப்போய், 180க்கும் மேற்பட்ட மாதிரிகளை அவர்கள் கண்டிருந்தார்கள். அந்தச் சேகரிப்பும் பகிர்வும் இல்லாவிட்டால் கூடங்குளத்து மாதிரி பெயரில்லாத ஒரு கோப்பாகவே கிடந்திருக்கும். மறுப்பு அறிக்கையே கடைசிச் சொல்லாகவும் இருந்திருக்கலாம்.

ஆனால், இதே நிகழ்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. அந்த மாதிரியின் உள்ளே நிலையத்தின் வலையமைப்புக்குரிய உள் முகவரிகளும் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பொதிந்திருந்தன. பொதுக் காப்பகத்தில் ஏறிய அன்றே அந்த இரகசியங்களும் வெளியாயின. உண்மையை வெளிக்கொணர்ந்த அதே கோப்பு வீட்டுச் சாவியையும் வெளியே போட்டது. பகிர்வு நல்லதா கெட்டதா என்று ஒரே சொல்லில் கேட்பவர்களுக்குக் கூடங்குளம் ஒரே சொல்லில் பதில் தராது.

திறந்துவிட்டால்?

எதிர்த்திசையில் மூன்று சான்றுகளைப் பார்ப்போம்.

2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' மின்னஞ்சல் புழுவை நம் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அது விஷுவல் பேசிக் ஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்டது. மின்னஞ்சலைப் பெற்ற ஒவ்வொருவருக்கும் அதன் மூலநிரலும் சேர்ந்தே வந்துவிட்டது. விளைவு, சில நாள்களிலேயே தலைப்பையும் சில வரிகளையும் மாற்றிய புதுப்புது வடிவங்கள் புறப்பட்டன.

2015 ஆகஸ்டில் துருக்கியைச் சேர்ந்த உத்கு சென் என்ற ஆய்வாளர், கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வகை நிரல் ஒன்றைக் 'கல்வி நோக்கத்துக்காக' என்று அறிவித்து மூலநிரலோடு வெளியிட்டார். அதன் பெயர் ஹிடன் டியர். அதைத் தவறாகப் பயன்படுத்துவோரை முறியடிக்க வேண்டுமென்றே ஒரு பலவீனத்தையும் அதில் வைத்திருந்தார். இருந்தும், குற்றவாளிகள் அதை எடுத்துத் திருத்தி உண்மையான மனிதர்களிடம் பணம் கேட்டார்கள். 2016இல் அவர் தம் திட்டத்தைக் கைவிட்டார்.

2016 செப்டம்பர் இறுதியில் மிராய் என்ற நிரலின் மூலநிரலை அதை எழுதியவர்களே வெளியிட்டார்கள். வீட்டுக் கண்காணிப்புக் கேமராக்களையும் இணைய வழிச்செலுத்திகளையும் அடிமைப்படுத்தும் நிரல் அது. ஆய்வாளர்களுக்கு அது பயன்பட்டது உண்மை. ஆனால், அதே ஆண்டு நவம்பரில் அதன் ஒரு மாற்று வடிவம் ஜெர்மனியில் சுமார் 9 இலட்சம் வீடுகளின் இணைய இணைப்பைக் குலைத்தது.

மூன்றிலும் கேட்டை வளர்த்தது வெளியான மூலநிரல் என்பதைக் கவனியுங்கள். மாதிரி கசிந்தால், ஏற்கெனவே தெரிந்த ஒரு நோய் இன்னோரிடத்தில் தோன்றும். மூலநிரல் கசிந்தால் புதிய நோய்களே பிறக்கின்றன.

நிப்பா சொல்லும் பாடம்

'வைரஸ்' என்ற சொல்லைக் கணினித் துறை கடன் வாங்கியது மருத்துவத்திடமிருந்து. அந்தத் துறை இந்தக் கேள்வியை நமக்கு முன்பே, நம் நாட்டிலேயே சந்தித்திருக்கிறது.

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்தில் பன்றி வளர்ப்போரிடையே மூளைக் காய்ச்சல் பரவியது. முதலில் அதை ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே கருதினார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், மரணங்கள் நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் நோயாளியின் மாதிரியிலிருந்து உயிருள்ள கிருமியைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் ஆராய்ந்தது. இது முற்றிலும் புதிய கிருமி என்பது அப்போதுதான் தெரிந்தது. நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்த அந்தத் துயரத்துக்கு வழி பிறந்தது உயிருள்ள கிருமி ஆய்வாளர் கைக்கு வந்த பிறகுதான்.

ஆகவே, 'ஆபத்தானது, யாரிடமும் கொடுக்காதே' என்பது விடையாகாது. ஆனால், நிப்பா கிருமியை இன்று உயிரோடு கையாள வேண்டுமானால் மிக உயர்ந்த நான்காம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். கேட்டவர்க்கெல்லாம் அஞ்சலில் அனுப்புவதில்லை. கேட்பவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது; அவரிடம் வைக்க இடம் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

கணினி உலகிலும் இந்த வழக்கம் மெல்ல உருவாகியிருக்கிறது. 2003இல் கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகம் நச்சுநிரல்களை எழுதிப் பார்க்கும் பாடம் ஒன்றை அறிவித்தபோது தடுப்பு மென்பொருள் நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. பல்கலைக்கழகம் பாடத்தைக் கைவிடவில்லை. வெளியுலக இணைப்பு இல்லாத தனி ஆய்வகத்தில் நடத்தியது. 2016 பிப்ரவரியில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகம் பின்லாந்தின் மிக்கோ ஹிப்போனன் சேகரித்த பழைய டாஸ் காலத்து நச்சுநிரல்களைக் காட்சிக்கு வைத்தது. அழிக்கும் பகுதிகளை நீக்கிவிட்டு, திரையில் அவை காட்டிய வேடிக்கைகளை மட்டும் உலாவியிலேயே பார்க்கும்படி செய்தது. வரலாறு காப்பாற்றப்பட்டது, பல் மட்டும் பிடுங்கப்பட்டது. ஆய்வாளர்கள் தமக்குள் மாதிரிகளை அனுப்பும்போது அமுக்கிய கோப்பில் வைத்து 'இன்ஃபெக்டெட்' என்ற கடவுச்சொல்லால் பூட்டுவதும் நெடுநாளைய வழக்கம். அந்தக் கடவுச்சொல் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரகசியம் காப்பது அதன் வேலையன்று. கை தவறிச் சொடுக்கினால் ஓடிவிடாமல் தடுப்பதே அதன் வேலை. என் இழுப்பறை விரலியில் இல்லாமல் போனது அந்தச் சிறிய பூட்டுதான்.

தம்பிக்குச் சொன்ன பதில்

மறுநாள் தம்பியை அழைத்தேன். சொன்னவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஒன்று: முதலில் உங்கள் நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க உயிருள்ள மாதிரி தேவையில்லை. தடுப்பு மென்பொருள்களைச் சோதிக்கவென்றே எய்க்கார் என்ற 68 பைட் கோப்பு இருக்கிறது. அது எந்தத் தீங்கும் செய்யாது. அதற்கடுத்த படிக்கு, வெளியாகியுள்ள ஆய்வறிக்கைகளும் கைரேகைகளும் போதும்.

இரண்டு: உயிருள்ள மாதிரி தேவைப்படும்போது அதை நீங்கள் தனியாள் என்ற முறையில் கேட்காதீர்கள். உங்கள் ஆய்வு மேற்பார்வையாளர் வழியாகக் கேளுங்கள். வைரஸ்டோட்டல் போன்ற தளங்கள் பல்கலைக்கழக ஆய்வுகளுக்கு மாதிரிகள் தருகின்றன. 2020இல் தொடங்கப்பட்ட மால்வேர்பசார் போன்ற பகிர்வுத் தளங்களும் உண்டு.

மூன்று: விடுதி அறை வேண்டாம். வலையமைப்பிலிருந்து பிரித்த ஒரு கணினி; அதற்குள் மெய்நிகர் கணினி; சோதனை முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும் ஏற்பாடு. அந்தக் கணினியில் செருகிய விரலி வேறெங்கும் போகக்கூடாது. அதன்மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

நான்கு: எத்தனை மாதிரி, எந்த நாள் வந்தது, எந்த நாள் அழித்தீர்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். 200 தேவையா என்றும் யோசியுங்கள்.

ஐந்து: மலேசியாவின் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். அனுமதியின்றிப் பிறர் கணினியின் உள்ளடக்கத்தை மாற்றினால் ஒரு இலட்சம் ரிங்கிட் வரை அபராதமோ ஏழாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். தவறு நடந்துவிட்டால் மறைக்காதீர்கள். சைபர்999 உதவி மையம் இருக்கிறது. அதற்கும் முன்பு, உங்கள் பக்கத்து அறைக்காரரிடம் சொல்லுங்கள்.

கடைசி வரியை நான் ஏன் சொன்னேன் என்று தம்பிக்குத் தெரியாது. இப்போது இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அக்கா, எனக்கு மேற்பார்வையாளர் இருக்கிறார், ஆய்வகம் இருக்கிறது. சின்னக் கல்லூரியில் படிக்கிறவனுக்கு யார் இருக்கிறார்கள்? பெரிய இடத்துக் கடிதம் இருந்தால்தான் படிக்கலாம் என்றால், அது நியாயமா?"

நல்ல கேள்வி. கதவுக்குக் காவல் வைத்தால் காவலனுக்குத் தெரிந்த முகங்கள்தான் உள்ளே போகும். ஆய்வுத் துறையில் நம்மவர் பலர் தெரியாத முகங்களாகவே இருந்து வந்திருக்கிறார்கள். அதனால்தான் நான் கைரேகை, அறிக்கை, பல் பிடுங்கிய மாதிரி ஆகிய மூன்றும் எவருக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்கிறேன். கற்கத் தொடங்குபவருக்கு அவற்றிலேயே இரண்டாண்டுப் பாடம் இருக்கிறது. உயிருள்ள மாதிரிக்கு மட்டும் காவல் இருக்கட்டும். ஆனால், அந்தக் காவல் பட்டத்தைக் கேட்காமல் பாதுகாப்பான இடத்தைக் கேட்கட்டும். பல்கலைக்கழகங்கள் தங்கள் தனி ஆய்வகத்தை அக்கம்பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்கும் சில நாள்கள் திறந்துவிடலாம். மூலநிரலைப் பொதுவில் வைப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

தம்பியின் திட்டம் இவ்வாண்டு நிறைவேறியது. அவர் பயன்படுத்தியவை 12 மாதிரிகள். மேற்பார்வையாளர் ஒதுக்கித் தந்த பழைய கணினியில்தான் சோதனை நடந்தது. மூன்று மாதிரிகளை அவருடைய நிரலால் கண்டறிய முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று எழுதிய அத்தியாயமே ஆய்வேட்டின் சிறந்த பகுதி என்று எனக்குப் படுகிறது.

இந்த மலரைப் படிக்கும் தம்பி தங்கைகளில் சிலர் இத்துறைக்கு வரலாம். பிறையிலும் பாயான் லெப்பாசிலும் உள்ள தொழிற்சாலைகளில் பழைய கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றைக் காக்க நச்சுநிரலை அறிந்தவர்கள் வேண்டும். அறிந்துகொள்ளுங்கள், அச்சம் வேண்டாம். ஆனால், ஒரு மாதிரியைக் கையில் வாங்கும் முன் உங்கள் இழுப்பறையைப் பூட்ட முடியுமா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.